ராத்திரி பத்தே முக்காலுக்கு வரும் அண்ணாச்சியின் குரல்

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். பதினோரு வருஷ வேலை. கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்டு வேலை. ஒரே பையன், ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கடை சம்பந்தமாக மட்டும் என் போனில் ஏழு வாட்ஸ்அப் குழுக்கள். நான் எட்டு மணிக்குக் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். கடை அடைக்கப் பத்து மணி ஆகும். அதற்குப் பிறகுதான் முதலாளி அண்ணாச்சி வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிப்பார். கேட்டுவிட்டுப் பதில் போடாமல் இருந்தால், காலையில் எல்லோர் முன்னாலும் குத்திக் காட்டுவார். மறந்துவிடக் கூடாதே என்று நானும் உடனே அதை என் பிரிவுக் குழுவில் போட்டுவிடுவேன். லீவு நாளிலும் இதே கதைதான். போன் அடிக்காமலே அடித்த மாதிரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து போனைப் பார்க்கிறேன். போன வாரம் வீட்டுப்பாடம் காட்ட வந்த பையன், என் கையில் போனைப் பார்த்ததும் "மெசேஜ் முடியட்டும், அப்புறம் வாரேம்மா" என்று திரும்பிப் போய்விட்டான். என்னிடம்தான் ஏதும் கோளாறா? குழுவை மியூட் செய்தால் வேலைக்கு ஆபத்து வருமா? இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா? குழுவில் நம்பர் இருப்பதால், புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு யாரோ தினமும் குட்நைட் அனுப்புகிறார்கள். அந்தத் தலைவலியும் என்னிடம்தான் வருகிறது. வேலையை விட மனசில்லை.
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தோடு அண்ணாச்சியின் ஒரு வாய்ஸ் மெசேஜை அப்படியே எழுத்தில் இறக்கி அனுப்பியிருந்தீர்கள். நூறு விளக்கத்தைவிட அது எனக்கு உதவியாக இருந்தது. மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்:

"ஏம்மா, அந்த ஆரணிப் பட்டு ரெண்டாவது கட்டு வந்துச்சுல்லா, அதுக்கு விலைச்சீட்டு ஒட்டியாச்சா என்னன்னு தெரியல. நாளைக்கு லைட்டுக்காரன் வாரான், மேல ரெண்டு டியூப் விட்டு விட்டு எரியுது. அந்தப் புதுப்பிள்ள ரெண்டு நாளா வரல, என்னன்னு கேளுங்க. கட்டைப்பை வேற தீரப்போகுது. நேத்து ஒரு வீட்டம்மா கலர் மாத்திக் கேட்டு வந்தாங்கல்லா, அத மறந்துராதீங்க. சரி, பாத்துக்கோங்க."

ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஐந்து விஷயம் இருக்கிறது. ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எப்போது?' என்று எழுதிப் பார்த்தேன். விலைச்சீட்டை நாளைக் காலையில் கட்டைப் பிரித்தால்தான் ஒட்ட முடியும். லைட்டுக்காரர் வருவதே நாளைக்குத்தான். வராத பிள்ளைக்குப் போன் போட ராத்திரி பத்தே முக்கால் நேரமே இல்லை. கட்டைப்பை தீரப்போகிறதே தவிர இன்னும் தீரவில்லை. கலர் மாற்றும் வீட்டம்மா கடை திறந்த பிறகுதான் வருவார். ஐந்தில் ஒன்றைக்கூட அன்று ராத்திரி யாரும் செய்ய முடியாது. கடையைப் பூட்டிச் சாவியும் வீட்டுக்குப் போய்விட்டது.

அப்படியிருந்தும் நீங்கள் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறீர்கள். காரணம் கடைசிச் சொல்தான். 'பாத்துக்கோங்க.' அதில் யார் என்பது இருக்கிறது, என்ன என்பது இருக்கிறது, எப்போது என்பது மட்டும் இல்லை. நேரில் சொல்லும்போது அந்தக் குறை தெரியாது. அண்ணாச்சி கல்லாவில் இருந்துகொண்டு காலை பத்து மணிக்கு 'பாத்துக்கோங்க' என்றால், முகத்தைப் பார்த்தே இது இப்போதைக்கா சாயங்காலத்துக்கா என்று உங்களுக்குப் புரிந்துவிடும். பதினோரு வருஷப் பழக்கம் அல்லவா? அதே சொல் ராத்திரி போன் வழியாக வந்தால் முகம் இல்லை. விட்டுப்போன 'எப்போது'வை நீங்களாக நிரப்பிக்கொள்கிறீர்கள், அதிலும் 'இப்போதே' என்று. வேலையில் அக்கறை உள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிரப்புவார்கள்.

இது ஆராய்ச்சியிலும் வந்த விஷயம். லாரா ஜியூர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரண்டு பேர் 2021-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அவசரமில்லாத மின்னஞ்சலைப் பற்றியது. அனுப்பியவர் எவ்வளவு சீக்கிரம் பதில் எதிர்பார்க்கிறார் என்று பெறுகிறவரிடம் கேட்டால், அவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட அதிக அவசரமாகவே நினைக்கிறார். மின்னஞ்சலுக்கே இப்படியென்றால் முதலாளியின் குரலே காதுக்குள் வந்து பேசும்போது கேட்கவா வேண்டும்? அனுப்புகிறவர் 'இது அவசரமில்லை' என்று ஒரு வரி சேர்த்தாலே அந்தத் தப்புக்கணக்கு குறைந்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இதில் நானும் குற்றவாளிதான். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நூற்பாலையில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். 2016 வாக்கில் சூப்பர்வைசர்களுக்கென்று குழு ஆரம்பித்ததே நான்தான். படுக்கையில் சாயும்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வரும். இன்னார் லீவு கேட்டார், இன்ன இடத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, நாளைக்கு ஆடிட்டர் வருகிறார். ஒவ்வொன்றையும் தட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். எனக்கு அது சுமைதாங்கிக் கல் மாதிரி. நம் பக்கத்துப் பழைய சாலைகளில் இன்னும் ஒன்றிரண்டு நிற்கின்றன, பார்த்திருப்பீர்கள். ஒரு சூப்பர்வைசர் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு டீ கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "சார் ராத்திரி இறக்கி வச்சதை எல்லாம் நான் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன், சார்." அதற்கு அப்புறம் நான் இரவு எட்டு மணிக்கு மேல் குழுவில் எதுவும் போட்டதில்லை. அவர் முன்னாடியே சொல்லியிருந்தால் முன்னாடியே நிறுத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு வருஷம் ஓடிப்போயிற்று.

இதை எழுதுவது உங்கள் அண்ணாச்சிக்கு வக்காலத்து வாங்க அல்ல. அவருடைய நாளை ஒருமுறை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள் என்பதற்காகத்தான். கடையில் இருக்கும்வரை வாடிக்கையாளர், சரக்கு லாரி, வரிக்காரர் என்று அவருக்கு வாய் மூட நேரமில்லை. பத்து மணிக்குக் கடை அடைத்து, கல்லாக் கணக்கு முடித்து, வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நாள் முழுக்கக் கண்ணில் பட்டது எல்லாம் மேலே வருகிறது. அந்தக் காலத்து முதலாளிகள் அந்த நேரத்தில் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். காலையில் வந்து கணக்குப்பிள்ளையிடம் சீட்டை நீட்டுவார்கள். இப்போது அந்தச் சீட்டு நேராக உங்கள் தலையணைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் ஆரம்பித்த மில். அங்கே சங்கு ஊதும். எங்கள் அம்மா அந்தச் சங்கைக் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சங்குக்குப் பிறகு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பி, சம்பளத்தையும் பிடித்துக்கொண்ட காலம் அது. ஆனால் வேலை முடிகிற சங்கு அப்பாவுக்கும் கேட்கும், அவருடைய மேஸ்திரிக்கும் கேட்கும், அடுப்படியில் அம்மாவுக்கும் கேட்கும். வேலை முடிந்தது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அது யாருக்கும் கேட்பதில்லை. பையன்தான் பாவம், ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். அடிக்காத போன் அடித்ததாகத் தோன்றுவது நோய் இல்லை. போனை நம்பி வேலை செய்யும் பலருக்கும், முக்கியமாக டாக்டர்கள், நர்ஸுகளுக்கு, இது உண்டு. காது எந்த நேரமும் எதிர்பார்த்துக் காத்திருப்பதன் அடையாளம் அவ்வளவுதான். காத்திருப்பதே உடம்புக்கு ஒரு வேலை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2012-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஓர் அலுவலகத்தில் 13 பேருக்கு ஐந்து வேலை நாள் மின்னஞ்சலை அடியோடு நிறுத்திவிட்டு, நெஞ்சில் இதயத்துடிப்பு அளக்கும் கருவியை மாட்டிவிட்டார்கள். அந்த ஐந்து நாளில் மன அழுத்தம் குறைந்திருந்தது இதயத்துடிப்பிலேயே தெரிந்தது. ஒரே வேலையில் நீண்ட நேரம் நிற்கவும் அவர்களால் முடிந்தது. சின்னச் சோதனைதான், பதின்மூன்றே பேர். என்றாலும் போன் குணமாகாமல் தூக்கம் குணமாகாது என்று நான் நினைப்பதற்கு இது போதும்.

ஒன்று மட்டும். இரண்டு மணி விழிப்பு தினமும் வந்து, படபடப்பும் அழுகையும் கூடச் சேர்ந்தால் என் பதிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக நேரமில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சரி, அந்த நீல டிக். அண்ணாச்சி "பார்த்துட்டும் பேசாம இருக்காங்க" என்று குத்துவது அதை வைத்துத்தான். 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் வந்த வசதி அது. வந்த உடனேயே எதிர்ப்பு கிளம்பி, நிறுத்திவைக்கும் வழியையும் கொடுத்தார்கள். ஆனால் அந்த வழி உங்களுக்குப் பாதிதான் உதவும். தனிச் செய்திகளில் நீல டிக்கை நிறுத்தலாம். அப்போது மற்றவர்கள் படித்தது உங்களுக்கும் தெரியாது. குழுவில் நிறுத்த முடியாது. யார் படித்தார் யார் படிக்கவில்லை என்று அனுப்பியவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வாய்ஸ் மெசேஜைக் கேட்டீர்கள் என்பதையும் மறைக்க முடியாது. ஆகவே திறக்காமல் இருப்பது ஒன்றுதான் மறைவு. அதற்காகத்தான் பலர் நோட்டிபிகேஷனை மேலிருந்து இழுத்துத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒளிந்து விளையாடுகிறார்கள். வாய்ஸ் மெசேஜுக்கு அந்த வித்தையும் பலிக்காது. முழுக்கக் கேட்டால்தான் உள்ளே இருப்பது தீயா டியூப் லைட்டா என்று தெரியும். வேகத்தை இரட்டிப்பாக்கிக் கேட்கலாம்தான், அண்ணாச்சி மீன் ஏலம் விடுகிற மாதிரி இருக்கும்.

இந்த ஒளிந்து விளையாட்டை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. அது தூக்கத்தை இன்னும் கெடுக்கும். குழுவைவிட்டு விலகவும் வேண்டாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறியபோது யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள், யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் சிக்னல் இருந்த இடங்களில் இந்தக் குழுக்கள் வழியாகத்தான் தெரிந்தது. கருவி கெட்டதில்லை. நேரம்தான் பேசி முடிவு செய்யப்படாமல் கிடக்கிறது.

எனவே அண்ணாச்சியிடம் பேசுங்கள். 'ராத்திரி மெசேஜ் போடாதீங்க' என்று ஆரம்பித்தால் அது குறை சொல்வதாகிவிடும், அவர் முகம் மாறிவிடும். கேள்வியாகக் கேளுங்கள்:

"அண்ணாச்சி, ராத்திரி நீங்க போடுதது மறந்துரக் கூடாதுன்னு போடுததா, இல்ல அப்பவே செய்யணும்னு போடுததா?"

பத்தில் ஒன்பது முதலாளிகள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "அட, மறந்துருவேம்மா, அதான் போட்டு வைக்கேன். காலையில பாத்தா போதும்." அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் பாதி முடிந்தது. உடனே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "அப்ப சரி அண்ணாச்சி, காலையில ஒம்பதரைக்குள்ள எல்லாத்துக்கும் பதில் போட்டுருதேன். ராத்திரி ஏதும் அவசரம்னா போன் போடுங்க, எத்தன மணின்னாலும் எடுக்கேன்."

இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். அவருக்கு அதுதான் உத்தரவாதம். தீ, திருட்டு, ஷட்டர் பூட்டு மாட்டிக்கொண்டது, ஊழியர் யாருக்காவது விபத்து என்றால் போன். மற்றதெல்லாம் மெசேஜ். போன் வந்தால் அவசரம், மெசேஜ் என்றால் காலை. இந்த ஒரு பிரிவு இருவருக்கும் புரிந்துவிட்டால், ராத்திரி மெசேஜ் சத்தத்தை நீங்கள் அணைத்து வைப்பது ஒளிவு இல்லை, ஒப்பந்தம். போனில் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் அண்ணாச்சி நம்பருக்கும் கணவர் நம்பருக்கும் மட்டும் அழைப்பு வர விதிவிலக்குக் கொடுத்துவிடுங்கள். ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் அது அவசியம்.

அண்ணாச்சிக்கு இன்னொரு வழியும் காட்டலாம். இதை அவர் மகனிடமோ மேனேஜரிடமோ சொல்லிச் செய்யச் சொல்வது உத்தமம். வாட்ஸ்அப்பில் தன் நம்பருக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்ளலாம். ராத்திரி ஞாபகம் வருவதையெல்லாம் அவர் அங்கே பேசி வைத்துவிட்டு, காலையில் கடைக்கு வந்ததும் யாருக்கு எதுவோ அதைத் தள்ளிவிட்டால் போதும். பழைய துண்டுச் சீட்டேதான், பை மட்டும் மாறியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் அலுவலகத் தொடர்புக்கென்றே தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. 'இதைக் காலை ஒன்பது மணிக்கு அனுப்பு' என்று நேரம் குறித்து வைக்கும் வசதி அவற்றில் உண்டு. நம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் அப்படி ஒன்றை விற்கிறது. உங்கள் அண்ணாச்சி அதற்கெல்லாம் மாறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி, நீங்கள் விரும்பாத ஒரு விஷயம். கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "மறந்துவிடக் கூடாதே என்று நானும் உடனே அதை என் பிரிவுக் குழுவில் போட்டுவிடுவேன்." அப்படியானால் பதினொரு மணிக்கு உங்கள் கீழ் வேலை பார்க்கும் பிள்ளைகளின் தலைமாட்டில் சுமையை வைப்பது யார்? அவர்களில் பலர் மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல் என்று பஸ் பிடித்துப் போகிறவர்களாக இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கவே பத்தரை ஆகும். அண்ணாச்சியிடம் பேச உங்களுக்குத் தைரியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குழு உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கே ஒரு வரி போடுங்கள்: 'இனிமேல் இந்தக் குழுவில் எட்டு மணிக்கு மேல் நான் எதுவும் போட மாட்டேன், காலை ஒன்பதரைக்கு ஒரே செய்தியாக வரும்.' ஒரு மாதம் அப்படி நடத்திவிட்டு, வேலை எதுவும் கெடவில்லை என்று காட்ட முடிந்தால் அண்ணாச்சியிடம் பேச அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

குட்நைட் மெசேஜ் வரும் பிள்ளை விஷயத்தைக் கடைசி வரியில் போட்டிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் நம்பரையும் போட்டோவையும் அறுபது பேர் உள்ள குழுவில் போட்டுவிடுகிறோம். அவளிடம் யாரும் கேட்பதில்லை. 'சும்மா குட்நைட்தானே' என்று தட்டிக்கழிக்காதீர்கள். அவள் வேண்டாம் என்ற பிறகும் வந்தால் அது தொல்லைதான். போன் வழியாக வந்தாலும், ராத்திரி வீட்டில் வந்தாலும், கூட வேலை பார்ப்பவர் அனுப்பினால் கடை அதைக் கண்டுகொள்ளத்தான் வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். உங்கள் கடையில் அந்தக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். பெயருக்குக்கூட இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். அந்தப் பிள்ளையிடம் செய்திகளை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதோடு, புதுப் பிள்ளைகளைப் பொதுக் குழுவில் சேர்ப்பதை நிறுத்தி, உங்கள் பிரிவுக் குழுவில் மட்டும் வைக்க முடியுமா என்று பாருங்கள். அறிவிப்புக்கென்று ஒரு குழு வேண்டுமானால் அட்மின் மட்டும் போடும்படி வைக்கலாம். வணக்கம், பிறந்தநாள் கேக் படம், கோயில் கோபுரம் இதெல்லாம் அப்போது தானே வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

சட்டத்தைக் கேட்டீர்கள். வேலை நேரத்துக்கு வெளியே போனை எடுக்காமல் இருக்கும் உரிமை என்று பிரான்சில் 2017-இலிருந்து சட்டம் உண்டு. போர்ச்சுகல் 2021-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டம் கொண்டுவந்தன. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. சுப்ரியா சுலே எம்.பி. 2018-இல் இதற்கென ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. தானாகக் கொண்டுவரும் மசோதா) தயாரித்தார், 2025 டிசம்பரிலும் கொண்டுவந்தார். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் நாடாளுமன்றத்தைத் தாண்டிச் சட்டமானதில்லை. அதனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

நம்மிடம் இருப்பது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் என்றால் இரட்டிப்புக் கூலி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தபோது, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் சாதாரணமாக வேலையில் வைக்கக் கூடாது, வைப்பதென்றால் எழுத்தில் சம்மதமும் உரிய பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். உங்களை எட்டு மணிக்கு அனுப்புவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆளை எட்டுக்கு அனுப்பிவிட்டுக் காதைப் பதினொன்று வரை கடையிலேயே வைத்திருக்கிறார்கள், அதுதான் கதை. வீட்டிலிருந்து மெசேஜுக்குப் பதில் போடுவது வேலை நேரமா என்பதை 1947-இல் எழுதிய சட்டம் சொல்லவில்லை. தவிர, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 'பிரிவுப் பொறுப்பாளர்' என்ற உங்கள் பட்டத்தை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு அங்கேதான் பிடிக்கும். பட்டம் என்ன என்பதைவிடச் செய்கிற வேலை என்ன என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி, ஆனால் வழக்கு என்று போனால் இழுக்கும்.

வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு ஒரு பதில் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம், ஆனால் காரணம் வேண்டும். நீக்கினால் மேல்முறையீடும் உண்டு. மெசேஜுக்கு ராத்திரி பதில் போடவில்லை என்பதை யாரும் நியாயமான காரணம் என்று எழுத்தில் கொடுக்க மாட்டார்கள். நடைமுறையில் பதினோரு வருஷம் பட்டுப் பிரிவை நடத்தியவரை இழக்க எந்த முதலாளியும் துணிய மாட்டார். ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் கையால் தடவியே வித்தியாசம் சொல்கிற ஆள் சந்தையில் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை.

சிசிடிவியைப் போனில் பார்த்து "மூணாவது கவுண்டர்ல ஏன் ரெண்டு பேரு உக்காந்துருக்காங்க" என்று கேட்கிறார் என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதற்குச் சுருக்கமான பதில்: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்காரலாம். கேமரா வழியாகப் பார்த்தாலும் உட்காரலாம்.

அண்ணாச்சியிடம் பேசும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், முகூர்த்தத்துக்கு முந்தைய வாரமும் வேண்டாம், ஆடித் தள்ளுபடி நேரத்தில் வாயே திறக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை நல்லது. அன்றைக்குப் பட்டு எடுக்க நம் ஊரில் யோசிப்பார்கள், கடை காற்று வாங்கும். பதினொரு மணிக்கு டீ வரும் அல்லவா? அவர் முதல் மடக்குக் குடித்த பிறகு கேளுங்கள்.